கனடாவில் கடையில் விற்கிறார்கள், இங்கே மறியலில் போடுகிறார்கள்: எது சரி?

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வரும். ரொறொன்ரோவில் உங்கள் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில் கஞ்சாக் கடை இருக்கிறது. பத்தொன்பது வயது தாண்டியவர்கள் அடையாள அட்டையைக் காட்டி வாங்கிக்கொண்டு போகிறார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. இங்கே யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் உங்கள் அக்காவின் மகன் கொஞ்சம் ஹெரோயினுடன் பிடிபட்டு விளக்கமறியலில் இருக்கிறான். "எல்லாவற்றையும் சட்டபூர்வமாக்கிவிட்டால் என்ன? அது முடியாவிட்டால், பாவிக்கிறவனையாவது குற்றவாளியாக்காமல் விட்டால் என்ன? என் நண்பர்களோ சிங்கப்பூரைப் பார், தூக்கில் போட்டால்தான் அடங்கும் என்கிறார்கள். பொடியன் வெளியே வந்ததும் இங்கே எடுத்துவிடச் சொல்கிறா அக்கா" என்று முடித்திருக்கிறீர்கள். இதில் நாட்டின் சட்டம் பற்றிய கேள்வி ஒன்று, மருமகனைப் பற்றிய கேள்வி இன்னொன்று. இரண்டாவதுதான் உங்களை நித்திரை கொள்ளாமல் வைத்திருக்கிறது என்று தெரிகிறது. ஆனாலும் முதலாவதைச் சொல்லிவிட்டு அதற்கு வருகிறேன், ஏனென்றால் முதலாவது விளங்கினால்தான் இரண்டாவதில் என்ன செய்யலாம் என்பது விளங்கும்.

நான் யாழ்ப்பாணத்து நீதிமன்றங்களில் பல வருடமாகத் தொழில் செய்யும் சட்டத்தரணி. போதைப்பொருள் வழக்குகளில் பெரும்பாலும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தரப்பில் நிற்பவன். மருத்துவன் இல்லை, மருத்துவம் பற்றி இங்கே சொல்பவை இந்த வழக்குகளுக்காக வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டவை. இன்னொரு குறையும் உண்டு. நான் காண்பது பிடிபட்டவர்களை மட்டும். பிடிபடாமல் பாவித்து, ஒரு நாள் தானாகவே விட்டுவிட்டு, இப்போது வங்கியில் வேலை பார்க்கிறவர் என் அலுவலகத்துக்கு வரமாட்டார். ஆகவே என் பார்வை கொஞ்சம் இருட்டுப் பக்கம் சாய்ந்தது என்பதை மனதில் வைத்து வாசியுங்கள்.

உங்கள் கேள்வியில் இரண்டு ஏற்பாடுகள் கலந்துபோய் இருக்கின்றன. கனடா 2018 ஒக்டோபர் 17 முதல் கஞ்சாவுக்குச் செய்தது சட்டபூர்வமாக்கல்: விளைவிக்கலாம், அனுமதி பெற்று விற்கலாம், வாங்கலாம், அரசு வரி எடுக்கும். போர்த்துக்கல் 2001 ஜூலை முதல் செய்தது குற்றநீக்கம்: விற்பது முன்போலவே குற்றம், பிடித்தால் பொருளைப் பறிமுதல் செய்வார்கள், ஆனால் சொந்தப் பாவனைக்கான சிறிய அளவை வைத்திருந்தவர் குற்றவாளிக் கூண்டில் ஏறமாட்டார். கனடாவிலும் ஹெரோயின் விற்கக் கடை கிடையாது. அங்கே வைத்திருந்தாலும் குற்றம்தான். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் 2023 ஜனவரியில் 2.5 கிராம் வரைக்கும் பரீட்சார்த்தமாக விலக்குக் கொடுத்தார்கள், 2024 மே மாதத்தில் பொது இடங்களில் வைத்திருப்பதை மறுபடி தடை செய்தார்கள். ஆகவே உங்கள் தெருக் கடையையும் மருமகனின் வழக்கையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. மருமகன் ரொறொன்ரோவில் பிடிபட்டிருந்தாலும் சட்டம் அவன் பக்கம் இருந்திருக்காது. நடத்தியிருக்கும் விதம் வேறாக இருந்திருக்கும், அது உண்மை.

இலங்கைச் சட்டத்துக்கு வருகிறேன். மூலம் 1929 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்க நஞ்சு, அபின், அபாயகர ஔடதங்கள் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டத்துக்குப் பல தடவை ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். 1984 இல் வந்த திருத்தத்தின்படி, தூய ஹெரோயின் 2 கிராம் அல்லது அதற்கு மேல் கையில் இருந்தாலே மரண தண்டனை அல்லது ஆயுள் தண்டனை. 2022 இன் 41 ஆம் இலக்கத் திருத்தம் ஐஸ் என்று நாம் சொல்லும் மெத்தம்பெற்றமினுக்கு அதே தண்டனையை 5 கிராமில் வைத்தது. பாரதூரமான பிரிவுகளில் வழக்கு வந்தால் நீதவானால் பிணை கொடுக்க முடியாது. மேல் நீதிமன்றத்துக்குப் போய் விசேட காரணம் காட்ட வேண்டும், 10 கிராமைத் தாண்டினால் மேன்முறையீட்டு நீதிமன்றம். சிறிய அளவுகள் நீதவான் நீதிமன்றத்திலேயே தண்டப்பணம், ஒத்திவைத்த சிறைத்தண்டனை என்று முடிவதுதான் வழக்கம். ஆனால் முடியும் வரைக்கும் நடப்பது வேறு கதை.

பத்திரிகையில் "140 மில்லிகிராம் ஹெரோயினுடன் இளைஞன் கைது" என்று வாசித்திருப்பீர்கள். அந்த எண் எங்கிருந்து வருகிறது தெரியுமா? பிடித்த பொலிஸார் அநேகமாக ஒரு நகைக்கடைக்கோ அடைவு கடைக்கோ போவார்கள், மில்லிகிராம் கணக்கில் நிறுக்கும் தராசு ஊரில் வேறெங்கே இருக்கிறது? தாலிக்கொடி நிறுத்த தட்டிலேயே பைக்கற்றை வைத்து நிறுத்து, கடைக்காரர் எழுதிக் கொடுத்த துண்டோடு வந்து முத்திரை வைப்பார்கள். ஆனால் பாரதூரமான பிரிவுகளில் சட்டம் கேட்பது தூளின் மொத்த எடையை இல்லை, அதற்குள் இருக்கும் தூய ஹெரோயினின் எடையை. அதைச் சொல்ல வேண்டியவர் கொழும்பில் இருக்கும் அரச இரசாயனப் பகுப்பாய்வாளர். அறிக்கை வர மாதக்கணக்கு எடுக்கும். அதுவரை பதினாலு நாளுக்கு ஒரு தடவை தவணை, தாய் வாசலில், பொடியன் பஸ்ஸில். உள்ளே எவ்வளவு ஹெரோயின், எவ்வளவு கலப்படம் என்று யாருக்கும் தெரியாத ஒரு பைக்கற்றின் மேல் இவ்வளவும் நிற்கிறது.

முதல் தவணை அன்று கூண்டில் நிற்கும் பொடியனைப் பார்த்தால் போதும், பாவனையாளனா வியாபாரியா என்று பாதி விளங்கிவிடும். மூக்கால் வடியும், கொட்டாவி மேல் கொட்டாவி, வெயில் நேரத்தில் கையில் மயிர் குத்திட்டு நிற்கும். ஹெரோயின் நின்று ஆறு தொடக்கம் பன்னிரண்டு மணித்தியாலத்தில் இது தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு கிழமையளவில் அடங்கும். பயிற்சி இல்லாத கண்ணுக்கு அவன் நீதவான் முன்னால் மரியாதையில்லாமல் நிற்பதாகத் தெரியும். அடுத்த பதினாலு நாள் அவன் யாரோடு இருக்கப் போகிறான்? நாட்டின் சிறைகளில் கொள்ளளவைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஆட்கள், அதில் பெரும்பகுதி போதைப்பொருள் வழக்கு. மாதகல் கரையில் கிலோக் கணக்கில் இறக்கியவனும் உங்கள் மருமகனும் ஒரே மண்டபத்தில் படுக்கிறார்கள். உள்ளே போகும்போது ஒருவனை மட்டும் தெரிந்தவன், வெளியே வரும்போது பத்துப் பேரின் தொலைபேசி இலக்கத்தோடு வருகிறான். நான் சட்டம் மாற வேண்டும் என்று நினைப்பதற்கு முதற் காரணம் இதுதான், தத்துவம் எதுவும் கிடையாது.

இனித் தூக்குத் தண்டனைக்காரர்களின் வாதம். இலங்கையில் கடைசியாகத் தூக்கிலிட்டது 1976 இல். 1984 முதல் போதைப்பொருளுக்கு மரண தண்டனை எழுத்தில் இருக்கிறது, நீதிபதிகள் தீர்ப்பும் வழங்குகிறார்கள், ஆனால் நிறைவேற்றுவதில்லை. 2019 இல் ஜனாதிபதி சிறிசேன நான்கு பேரின் ஆணையில் கையொப்பம் வைத்தார், உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. "நிறைவேற்றாததால்தான் பயமில்லை" என்பார்கள். சிங்கப்பூர் நிறைவேற்றுகிறது, 15 கிராம் ஹெரோயினுக்கு. 2022 ஏப்ரலில் நாகேந்திரன் தர்மலிங்கம் என்ற மலேசியத் தமிழரைத் தூக்கிலிட்டார்கள். கொண்டுபோனது 42 கிராம் சொச்சம், பிடிபட்டது 2009 இல், அறிவுத்திறன் சோதனையில் அவருக்கு வந்த எண் 69. பெருந்தலைகளை விட்டுக் கூலிக்குச் சுமப்பவனைத் தூக்கும் முறை அது. சரி, பலன் கிடைத்ததா? சிங்கப்பூரில் பாவனை குறைவுதான், மறுக்க முடியாது. அது தூக்கினாலா, இல்லை ஒரு சிறிய தீவு, இறுக்கமான எல்லை, லஞ்சம் வாங்காத பொலிஸ், எல்லாருக்கும் வேலை என்பவற்றாலா என்று பிரித்துக் காட்டியவர் எவருமில்லை. சிங்கப்பூரை உதாரணம் காட்டுகிறவர்கள் சொல்ல மறக்கும் இன்னொன்று, அங்கே பாவனையாளரை முதலில் புனர்வாழ்வு நிலையத்துக்குத்தான் அனுப்புகிறார்கள், அது குற்றப் பதிவாக ஏறுவதில்லை. அந்த விடயத்தில் சிங்கப்பூர் நம்மைவிட இளகியது.

யாழ்ப்பாணத்தில் இதற்கு உள்ளூர் வடிவம் ஒன்று உண்டு: "இயக்கம் இருந்த காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" இயக்கம் என்றால் புலிகள். இருந்தது குறைவு. ஆனால் அப்போது கடலில் இறங்கவே தடை, பாதை பூட்டு, பொருளே வருவதில்லை. பயத்தால் குறைந்தது எவ்வளவு, வராததால் குறைந்தது எவ்வளவு என்று எந்தத் தராசில் நிறுப்பது?  இன்று வேதாரணியம், இராமேஸ்வரம் பக்கமிருந்து ஒரு இரவில் படகு வந்துவிடும். நாம் கேரளக் கஞ்சா என்று சொல்வதில் பெரும்பங்கு ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளில் விளைந்து தமிழ்நாட்டுக் கரையால் வல்வெட்டித்துறைக்கும் மாதகலுக்கும் தீவுப்பகுதிக்கும் வருவது. இவ்வளவு படைமுகாம் இருக்கும் கரையில் இது எப்படி இறங்குகிறது என்று சனம் கேட்கிறது, தெரிந்தே விடுகிறார்கள் என்றும் சொல்கிறது. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய சாட்சியம் எதுவும் என் கைக்கு வரவில்லை, ஆகவே உண்மை என்று எழுத மாட்டேன். கேள்வி நியாயமானது என்று மட்டும் சொல்வேன்.

2023 டிசம்பர் 17 இல் தொடங்கிய யுக்திய என்ற பொலிஸாரின் போதைப்பொருள் ஒழிப்பு நடவடிக்கையையும் பாருங்கள். நாடு முழுவதும் பல்லாயிரம் பேரைப் பிடித்தார்கள், தொலைக்காட்சிக் கமராவோடு வீடுகளுக்குள் புகுந்தார்கள், ஒரு மாதம் சற்றுத் தாண்டியதும் ஐக்கிய நாடுகள் நிபுணர்கள் நிறுத்தச் சொன்னார்கள். அந்த நாட்களில் எங்கள் நீதிமன்றத்தில் உட்கார இடமில்லை. வந்தவர்களில் அநேகர் ஒரு பைக்கற்று, இரண்டு பைக்கற்றுக்காரர். "சேர், வைத்துப் பிடித்தவங்கள்" என்று எல்லாரும் சொல்வார்கள். எல்லாரும் சொல்வதால் அதை நம்பவும் முடியாது, எல்லாமே பொய் என்று தள்ளவும் முடியாது. ஒரு சிட்டிகைத் தூள் ஒருவனை மாதக்கணக்கில் உள்ளே வைக்கும் என்றால், அந்தச் சிட்டிகையைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் உத்தியோகத்தருக்கு எவ்வளவு அதிகாரம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, போர்த்துக்கல். 1990களின் கடைசியில் அங்கே நூறில் ஒருவருக்கு ஹெரோயின் பிரச்சினை இருந்தது, ஊசியால் எச்.ஐ.வி. பரவியது. பத்து நாளுக்குத் தேவையான அளவை எல்லையாக வைத்தார்கள்: ஹெரோயின் 1 கிராம், கஞ்சா 25 கிராம். அதற்குட்பட்டு பிடிபட்டவர் மூன்று பேர் கொண்ட ஆணைக்குழு முன்னால் வரவேண்டும். அங்கே நீதிபதி இல்லை. சட்டம் தெரிந்தவர், சமூகப் பணியாளர், உளவியல் அல்லது மருத்துவம் படித்தவர் என்று மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதைப்பார்கள். அடிமைப்படாதவர் என்றால் எச்சரித்து விடுவார்கள், அடிமைப்பட்டவர் என்றால் சிகிச்சைக்கு வழி காட்டுவார்கள். இதில் நிச்சயமானவை: சனம் எல்லாம் பாவிக்கத் தொடங்கிவிடும் என்ற பயம் பலிக்கவில்லை, ஊசியால் வரும் எச்.ஐ.வி. மிக மோசமாக இருந்த இடத்திலிருந்து பெருமளவு விழுந்தது. போதைப்பொருளுக்காகச் சிறையில் இருந்தோர் பங்கு குறைந்தது. சந்தேகமானது, இதில் எவ்வளவு சட்டத்தால் வந்தது என்பது. அதே காலத்தில் ஹெரோயினுக்கு மாற்றாகக் கொடுக்கும் மெதடோன் சிகிச்சை, சுத்தமான ஊசி, வேலைவாய்ப்பு எல்லாவற்றுக்கும் அரசு காசு கொட்டியது. 2012 இல் இவற்றைக் கவனித்த அரச நிறுவனத்தைக் கலைத்து நிதியை வெட்டிய பிறகு தெருவில் பாவனை மறுபடி கண்ணில் பட ஆரம்பித்ததாக அந்நாட்டவரே முறைப்படுகிறார்கள். சட்டம் அப்படியே இருந்தது, காசுதான் போனது.

போர்த்துக்கலை அப்படியே யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரலாம் என்போருக்கு இரண்டு விடயம் சொல்ல வேண்டும். அவர்களின் பெரிய வெற்றி ஊசி தொடர்பானது. இலங்கையில் ஹெரோயினைப் பெரும்பாலும் தகட்டில் வைத்துச் சூடாக்கிப் புகையாக இழுக்கிறார்கள். ஊசிக்கு மாறுகிறவர்கள் வருகிறார்கள், கவலைப்பட வேண்டியதுதான், ஆனாலும் போர்த்துக்கல் இருந்த நிலை வேறு. ஆகவே அவர்கள் பெற்ற பலனில் பெரிய பங்கு இங்கே இருக்காது. மற்றது ஐஸ். ஹெரோயினுக்கு மெதடோன், பியூப்ரெனோர்பின் என்று மாற்று மருந்து இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2005 இலேயே அவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. ஐஸுக்கு அப்படி நிரூபணமான மாற்று மருந்து கிடையாது. பேச்சு முறைச் சிகிச்சையும், பாவிக்காமல் இருந்ததைச் சோதித்துச் சிறு பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தும் முறையும்தான் கைகொடுப்பதாகக் காட்டியிருக்கின்றன. அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், கிழமைதோறும் வரச் செய்ய வேண்டும். என் கட்சிக்காரரில் மெதடோன் கிடைத்தவர் ஒருவர்கூட இல்லை. கிழமைதோறும் போய் வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் இதை எங்களுக்குப் பாடமாகவே எடுத்துக் காட்டிவிட்டது. 2020 நவம்பரில் சனம் வாக்களித்து, 2021 பெப்ரவரியில் குற்றநீக்கம் அமலுக்கு வந்தது. வைத்திருந்தால் 100 டொலர் தண்டம், ஒரு தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்து மதிப்பீடு செய்துகொண்டால் அதுவும் கிடையாது. அழைத்தவர்கள் மிகச் சிலர். சிகிச்சைக்கென்று ஒதுக்கிய காசு போய்ச் சேரப் பிந்தியது. தெருவில் கூடாரமும் புகையுமாகச் சனம் வெறுத்து, 2024 செப்டெம்பரில் மறுபடி குற்றமாக்கினார்கள். மரணங்கள் கூடியது இந்தச் சட்டத்தால்தானா? அதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை. அதே மாதங்களில்தான் ஹெரோயினைவிடப் பல மடங்கு வீரியமான பென்ரனில் என்ற செயற்கைப் போதைப்பொருள் அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்துக்கு வந்து சேர்ந்தது, அதைக் கணக்கில் எடுத்தால் சட்டத்தின் மேல் பழி நிற்கவில்லை என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. என் வாசிப்பு: ஒரேகன் பொலிஸை விலக்கிவிட்டு அந்த இடத்தில் யாரையும் நிறுத்தவில்லை. போர்த்துக்கல் மூன்று பேரை நிறுத்தியது.

அப்புறம், ஊர் விவாத மேடைகளில் யாருமே தொடாத சிக்கல் ஒன்று. "பாவிக்கிறவனை விடு, விற்கிறவனைப் பிடி" என்று சொல்வது சுலபம். என்னிடம் வரும் பொடியள் பலர் இரண்டும்தான். நாலு பைக்கற்றுக் கடனுக்கு எடுப்பான், மூன்றைத் தெரிந்தவனுக்கு விற்பான், லாபத்தில் ஒன்றைத் தான் இழுப்பான். அவன் யார்? எல்லை ஒன்று போட்டால் பெரியவன் தன் ஆட்களை அந்த எல்லைக்குக் கீழே கொண்டு திரியச் சொல்வான், இது உறுதி. எல்லையை மிகச் சிறிதாகப் போட்டால் மெக்சிக்கோ 2009 இல் செய்த மாதிரி ஆகும்: ஹெரோயின் 50 மில்லிகிராம் என்று போட்டார்கள், நிஜப் பாவனையாளர் பலர் வியாபாரி ஆனார்கள். எனவே எடையை ஒரு ஊகமாக மட்டும் வைத்து, கைத்தொலைபேசியில் இருக்கும் செய்தி, காசுத் தாள், தராசு, பொதி கட்டிய விதம், மருத்துவரின் அறிக்கை எல்லாவற்றையும் பார்த்து முடிவெடுக்க நீதவானுக்கு இடம் கொடுக்க வேண்டும். இப்போது எடை தண்டனையைத் தீர்மானிக்கிறது, மற்றதெல்லாம் சட்டத்தரணியின் இரக்கப் பேச்சாகப் போகிறது.

கஞ்சாவைக் கடையில் விற்பது பற்றி. கனடாவில் நிச்சயமாக நடந்தவை: கைதுகள் சரிந்தன, கள்ளச் சந்தை சுருங்கினாலும் சாகவில்லை, கஞ்சா கலந்த இனிப்பைச் சாப்பிட்டு வைத்தியசாலைக்கு வந்த சிறு பிள்ளைகள் கூடினார்கள். இளம் வயதில், நாள்தோறும், வீரியம் கூடிய கஞ்சா இழுப்பதற்கும் மனநோய்க்கும் தொடர்பு இருப்பதில் சந்தேகமில்லை. அது எவ்வளவு தூரம் காரணம், எவ்வளவு தூரம் ஏற்கனவே இருந்த நோய்வாய்ப்பு என்பதில் மனநல வைத்தியர்களிடையே விவாதம் தொடர்கிறது. பெரிய பாய்ச்சலாக இளையோர் பாவனை ஏறியதாகத் தெரியவில்லை. தாய்லாந்து 2022 ஜூனில் ஒழுங்குவிதி எழுதாமலே கதவைத் திறந்து, ஆயிரக்கணக்கில் கடை முளைத்து, 2025 ஜூனில் மருத்துவச் சீட்டு வேண்டும் என்று பின்வாங்கியது.

நமக்கு வெளிநாட்டு உதாரணம் தேடிப் போகத் தேவையில்லை, கள்ளும் சாராயமும் இருக்கின்றன. பனங்கள்ளைச் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் தவறணையில் விற்கின்றன. விளம்பரம் இல்லை, நேரக் கட்டுப்பாடு உண்டு, காசு ஊருக்குள் நிற்கிறது. சட்டபூர்வ விற்பனையை அடக்கமாக நடத்தலாம் என்பதற்கு நல்ல சாட்சி அது. மறுபக்கம் மதுபானசாலை. 2006 இன் 27 ஆம் இலக்கச் சட்டப்படி 21 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, எத்தனை கடையில் கேட்கிறார்கள்? வரி கூடக் கூட ஒழுங்கைக்குள் கசிப்பு காய்ச்சுகிறார்கள். 2024 இல் அனுமதிப்பத்திரங்களை அரசியல் சலுகையாகக் கொடுத்தார்கள் என்ற சர்ச்சை வடக்கை உலுப்பியது உங்களுக்கும் நினைவிருக்கும். நாளைக்குக் கஞ்சாவுக்கு அனுமதிப்பத்திரம் என்றால் முதல் வரிசையில் யார் நிற்பார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். தவறணை மாதிரி ஒரு கூட்டுறவு வடிவத்தில் யாராவது வரைந்து வந்தால் திறந்த மனதோடு வாசிப்பேன். ரொறொன்ரோ மாதிரிக் கடைக்கு இப்போதைக்கு ஆம் என்று சொல்லமாட்டேன். ஆயுள்வேத வைத்தியர்கள் மருந்துக்காகக் கஞ்சா பெற 1961 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, அதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. ஹெரோயினையும் ஐஸையும் கடையில் விற்பதை எந்தக் காலத்திலும் ஏற்கமாட்டேன்.

"அப்போ எல்லாரையும் புனர்வாழ்வுக்கு அனுப்பினால் சரிதானே" என்று கேட்பீர்கள். 2007 இன் 54 ஆம் இலக்கச் சட்டம் அதற்குத்தான் வந்தது, போதைக்கு அடிமையானவரை நீதிமன்றம் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஆனால் பெரிய நிலையம் எது? கந்தகாடு. போர் முடிந்தபின் முன்னாள் போராளிகளைப் புனர்வாழ்வு என்று வைத்திருந்த அதே இடம், படையினர் நடத்துவது. 2022 ஜூனில் அங்கே ஒருவர் இறந்து, கலகம் வெடித்து, நூற்றுக்கணக்கானோர் காட்டுக்குள் ஓடினார்கள். மரணம் தொடர்பாகப் படையினர் சிலர் கைதானார்கள். கட்டாயத் தடுப்பு நிலையங்களை மூடச் சொல்லி ஐக்கிய நாடுகளின் பன்னிரண்டு அமைப்புகள் 2012 இலேயே கூட்டாகக் கேட்டிருக்கின்றன. சிகிச்சை என்ற பெயரில் வேறொரு மறியல் கட்டுவதை நான் சீர்திருத்தமாக எண்ணவில்லை. சில பெற்றோர் என்னிடமே வந்து "எங்கேயாவது அடைத்து வையுங்கோ, கொஞ்ச நாள் நித்திரை கொள்ள வேணும்" என்று கெஞ்சியிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. வீட்டுக் கதவு நிலையையே கழற்றி விற்ற பிள்ளையோடு வாழ்கிறவர்கள் அவர்கள்.

ஆகவே என் நிலைப்பாடு: சிறிய அளவு, சொந்தப் பாவனை என்றால் விளக்கமறியல் வேண்டாம். ஆனால் சட்டத்தை மாற்றுவதற்கு முன்னால், குறைந்தது மாற்றும் அதே நாளில், மாவட்ட வைத்தியசாலைகளில் மாற்று மருந்தும், பிரதேச செயலகத்துக்கு ஒருவராவது பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநரும் இருக்க வேண்டும். அது இல்லாமல் சட்டத்தை மட்டும் தளர்த்தினால் நாம் ஒரேகன் ஆவோம், அவர்களிடம் இருந்த காசுகூட இல்லாமல். சர்வதேச ஒப்பந்தம் தடுக்கிறது என்று சிலர் சொல்வது பாதி உண்மை. ஐக்கிய நாடுகளின் 1988 போதைப்பொருள் ஒப்பந்தம் உடைமையைக் குற்றமாக்கச் சொல்கிறது, ஆனால் தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சை கொடுக்க அதே ஒப்பந்தத்தில் இடமிருக்கிறது. போர்த்துக்கலும் அதில் கையொப்பமிட்ட நாடுதான்.

இனி மருமகன். உங்கள் அக்காவிடம் சொல்லுங்கள், அவசரப்பட்டு முதல் தவணையிலேயே குற்றத்தை ஒப்புக்கொள்ள விட வேண்டாம். "ஒப்புக்கொண்டால் தண்டம் கட்டிவிட்டு இன்றைக்கே போகலாம்" என்று வாசலில் நிற்பவர்கள் சொல்வார்கள். அது குற்றப் பதிவாக ஏறும், நீங்கள் கடைசியில் கேட்ட விடயத்துக்கு அதுவே முட்டுக்கட்டை. எந்தப் பிரிவில் வழக்கு என்று பார்த்து, பகுப்பாய்வாளர் அறிக்கைக்கு என்ன நடந்தது என்று சட்டத்தரணி ஒவ்வொரு தவணையும் கேட்க வேண்டும். சிறைக்கு மருத்துவ அதிகாரி உண்டு, நடுக்கமும் வாந்தியும் இருந்தால் அவரிடம் காட்டச் சொல்லிக் கேளுங்கள். பிணையில் வந்தால் அடுத்த நாளே யாழ். போதனா வைத்தியசாலை அல்லது தெல்லிப்பழை வைத்தியசாலையின் மனநலப் பிரிவில் பதிய வையுங்கள், இலவசம். அந்தக் கிளினிக் கொப்பி பின்னர் நீதவான் முன்னால் என் பேச்சைவிடப் பெறுமதியானது. காசு அனுப்புவதென்றால் அக்காவின் கணக்குக்கு அனுப்புங்கள், அவன் கையில் கிடைக்க வேண்டாம், புதிய கைத்தொலைபேசியும் வேண்டாம்.

மிக முக்கியமான ஒன்று, அநேகருக்குத் தெரியாதது. உள்ளே சில கிழமை பாவிக்காமல் இருந்தால் உடம்பு பழைய அளவைத் தாங்காது. வெளியே வந்து, பழைய நினைப்பில் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடும். விடுதலையாகி முதல் இரண்டு கிழமைதான் ஆகவும் ஆபத்து, எந்த நாட்டு ஆய்வை எடுத்தாலும் இது மாறவில்லை. அந்த நாட்களில் அவன் தனியே அறையைப் பூட்டிக்கொண்டு படுக்கக் கூடாது என்று அக்காவிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கனடாவுக்கு எடுப்பது பற்றி: வெளிநாட்டில் பெற்ற குற்றத்தீர்ப்பைக் கனடா தன் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும், ஹெரோயின் அங்கும் குற்றம், எனவே இதை அங்குள்ள குடிவரவுச் சட்டத்தரணியிடம் கேட்காமல் எதையும் நிரப்பிக் கையொப்பமிட வேண்டாம். அதைவிட, அவன் முற்றாக விடாமல் அங்கே வந்தால் என்ன கிடைக்கும் என்று யோசித்தீர்களா? உங்கள் தெருக்களில் ஹெரோயின் என்ற பெயரில் விற்பதில் பெரும்பாலும் பென்ரனில் இருக்கிறது, 2016 முதல் 50,000 பேருக்கு மேல் கனடாவில் ஓபியொயிட் (ஹெரோயின், பென்ரனில் வகை) நஞ்சால் இறந்திருக்கிறார்கள். இங்கே தகட்டில் இழுத்துப் பழகியவனுக்கு அது முதல் தடவையே கடைசித் தடவை ஆகலாம். ஒன்ராறியோ மருந்தகங்களில் நலொக்சோன் பொதி இலவசமாகத் தருகிறார்கள், மூக்குக்குள் அடித்தால் நின்ற மூச்சை மீட்கும். அவன் எப்போதாவது வருவதென்றால், விமானச் சீட்டு எடுக்கும் கிழமையே அதை வாங்கி வீட்டில் வைத்து, எப்படிப் பாவிப்பது என்று பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கள்.